மோட்டாருக்கு மரக்கொட்டகை: தேக்கு வேண்டுமா?

கேள்வி: பாபநாசம் பக்கம் எங்கள் வயலில் 5 எச்பி மோனோபிளாக் மோட்டார் திறந்தவெளியில் இருக்கிறது. தார்ப்பாய் சுற்றியும் ஐப்பசி மழையில் இரண்டு முறை காயில் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பி) எரிந்துவிட்டது. செங்கல் அறை கட்ட வசதியில்லை. மரத்தில் சின்னக் கொட்டகை போடலாமா? ஆசாரி தேக்கு வாங்கச் சொல்கிறார்.

பதில்: தாராளமாகப் போடலாம். தேக்கு வேண்டாம்; அந்தப் பணத்தை நல்ல தகரத்துக்கும் போல்ட்டுக்கும் வையுங்கள்.

முதலில் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். மோட்டாரின் பின்பக்க விசிறி காற்றை இழுத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. சுற்றிக் கட்டினால் சூடும் ஈரமும் உள்ளேயே தங்கும். உங்களுக்கு வேண்டியது மூடிய பெட்டி இல்லை, கூரை.

கால்களுக்கு வைரம் பாய்ந்த வேம்போ முற்றிய பனஞ்சாத்தோ (பனைமரச் சட்டம்) போதும். மரவாடியில் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஓரத்தில் வெளிறிய பகுதி அதிகமிருந்தால் வாங்காதீர்கள். கரையான் முதலில் அரிப்பது அதைத்தான். பச்சை மரமும் வேண்டாம். காயும்போது முறுக்கிக்கொண்டு போல்ட்டெல்லாம் தளர்ந்துவிடும். சவுக்கு மலிவு, மேலே கூரையைத் தாங்கும் கைமரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த மரமானாலும் மண்ணில் மட்டும் ஊன்றாதீர்கள். தரைக்கு மேல் அரையடி சிமெண்டுக் கட்டை போட்டு, அதில் பதித்த இரும்புப் பட்டையோடு காலைப் போல்ட் போட்டு நிறுத்துங்கள். அடிமுனைதான் தண்ணீரை உறிஞ்சும், அங்கே இரண்டு கை தார் பூசிவிடுங்கள்.

ஆறடிக்கு ஆறடி இருந்தால் மெக்கானிக் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். தெற்கே ஆறரை அடி உயரம், வடக்கே ஐந்தரை. தண்ணீர் வடக்கே வழிந்துவிடும். பருவமழைச் சாரல் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து அடிப்பதால் வடக்கு, கிழக்குப் பக்கங்களை மட்டும் தகரத்தால் அடையுங்கள், அதிலும் கீழே ஓரடி விட்டு. மற்ற இரண்டும் திறந்தே இருக்கட்டும். அங்கே கூரை ஓரடி வெளியே நீண்டால் நல்லது.

2018 கஜா புயலை டெல்டாவில் யாரும் மறந்திருக்க முடியாது. தகரத்தை ஆணி அடித்து நிறுத்தினால் காற்று பிடுங்கிக்கொண்டு போகும். நெளிவின் மேட்டில் ரப்பர் வாஷரோடு போல்ட் போடுங்கள், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டமும் கட்டாயம்.

ஸ்டார்ட்டரை மரக்காலில் பொருத்தலாம், ஆனால் எர்த் கம்பி தனியாகத் தரைக்குப் போக வேண்டும். அப்புறம், காயில் எரிய மழை மட்டும் காரணமாக இருக்காது. மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போய் இரண்டு பேஸில் ஓடினாலும் எரியும். ஸ்டார்ட்டரில், அப்படி ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லிவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.