கேள்வி – பதில்: குடும்ப மெயிலை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது

குடும்பப் பெயரில் சொந்த டொமைன் வைத்திருக்கிறோம். ஐந்து பேருக்கு மெயில் முகவரி. கட்டணம் ஏறிவிட்டதால் வேறு நிறுவனத்துக்குப் போகிறோம். நடுவில் வரும் மெயில் தொலையாமல் மாற்ற முடியுமா?
– வாசகர், பொள்ளாச்சி

முடியும். டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) உங்களுடையது, அதனால் முகவரி மாறாது. மெயில் வந்து விழும் இடம்தான் மாறுகிறது. பழைய கணக்கை அவசரப்பட்டு மூடுகிறவர்களுக்குத்தான் மெயில் தொலைகிறது. ஒரு மாதக் கட்டணம் வீண் என்று பார்க்காமல் அதை வைத்திருங்கள்.

புது இடத்தில் ஐந்து பெட்டிகளையும் முதலில் திறந்துவிடுங்கள். கரன்ட் பில்லுக்கும் பள்ளிக்கும் கொடுத்த பொது முகவரி ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துத்தான். அதை மறந்தால், அதற்கு வருவதெல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். பிறகு ஐமேப் (சர்வரில் இருக்கும் மெயிலை வேறு கருவிகள் படிக்க உதவும் முறை) வழியாகப் பழைய மெயில்களை நகலெடுங்கள். தொடர்புகளும் காலண்டரும் ஐமேப்பில் வராது. அவற்றைத் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது உங்கள் டொமைனுக்கு வருவது எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு. அதில் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு. அதன் டிடிஎல் (மற்ற சர்வர்கள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 3600 விநாடி என்றிருந்தால், மாற்றுவதற்கு முதல் நாளே 300 ஆக்குங்கள். மாற்றும்போது பழைய எம்எக்ஸ் வரிகளை முழுசாக நீக்குங்கள். ஒன்றை விட்டுவைத்து, அதன் முன்னுரிமை எண்ணும் புதியதைவிடச் சிறியதாக இருந்தால், மெயில் பழைய இடத்துக்குத்தான் போகும். இரண்டு நாள் கழித்து நகலெடுப்பை மறுபடி ஓட்டுங்கள். ஐமேப்சிங்க் போன்ற கருவிகள் ஏற்கெனவே வந்ததை விட்டுவிட்டு, பழைய பெட்டியில் தங்கியதை மட்டும் கொண்டுவரும்.

பலர் சறுக்குவது எஸ்பிஎஃப்பில். உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் டிஎன்எஸ் வரி அது. பழைய வரியை அப்படியே விட்டு, புது நிறுவனம் கொடுத்ததை இன்னொரு வரியாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகி, நீங்கள் அனுப்புவது ஸ்பாமில் விழக்கூடும். மாறும் வாரத்தில் இரு நிறுவனங்களையும் ஒரே வரியில் எழுதி, பிறகு பழையதை எடுத்துவிடுங்கள். புது நிறுவனத்தின் டிகேஐஎம் சாவியையும் (மெயில் உங்கள் டொமைனிலிருந்தே வந்தது என்று உறுதிசெய்யும் கையொப்பத்துக்கானது) மறக்காமல் டிஎன்எஸ்ஸில் சேருங்கள்.

இன்னொன்று: டொமைன் பதிவுக் கணக்கில் தொடர்பு முகவரியாக அதே டொமைனின் மெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் பாஸ்வேர்டை மீட்கும் மெயிலும் உங்களுக்கு வராது.

ஜிமெயிலில் 11 ஜிபிதான் இருந்தது. புது இடத்துக்கு நகலெடுத்தால் 20 ஜிபியைத் தாண்டுகிறது. ஏன்?
– வாசகி, திருச்சி

லேபிள்தான் காரணம். ஜிமெயிலில் ஒரு மெயில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஐமேப்போ ஒவ்வொரு லேபிளையும் ஒரு ஃபோல்டராகக் காட்டும். 'வங்கி', 'வரி' என்று இரண்டு லேபிள் ஒட்டிய மெயில், 'ஆல் மெயில்' சேர்த்து மூன்று முறை நகலாகும். அமைப்புகளில் லேபிள்கள் பக்கம் போய், 'ஆல் மெயில்' எதிரே ஐமேப்பில் காட்டும் டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்கு முன், லேபிளே இல்லாமல் ஆர்க்கைவ் செய்தவற்றுக்கு ஏதாவது ஒரு லேபிள் ஒட்டுங்கள். அவை 'ஆல் மெயிலில்' மட்டுமே இருப்பதால், ஒட்டாவிட்டால் விடுபட்டுப்போகும்.

ஜிமெயிலிலிருந்து ஐமேப்பில் ஒரு நாளைக்கு 2,500 எம்பிதான் இறக்கலாம். மீறினால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்படலாம். ஐந்தாறு நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி கேட்கும் இடத்தில் வழக்கமான பாஸ்வேர்டு செல்லவில்லை என்றால், இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு (இதுபோன்ற கருவிக்கென்று கூகுள் தனியாகத் தருவது) எடுத்துப் போடுங்கள்.

அப்பாவின் ஜிமெயிலை விட்டுவிட்டுப் புது முகவரிக்கு மாற்றுகிறோம். பழையதை அழித்துவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். அவருடைய போனின் ப்ளே ஸ்டோர், போட்டோஸ் எல்லாம் அந்தக் கூகுள் கணக்கில்தான் தொங்குகின்றன. புது முகவரிக்கு ஃபார்வர்டு போட்டுவிட்டு, பழைய பெட்டியில் 'ஓடிபி', 'ஸ்டேட்மென்ட்' என்று தேடுங்கள். வங்கி, வருமான வரி, பிஎஃப், இன்சூரன்ஸ் என்று எங்கெங்கே முகவரி மாற்ற வேண்டும் என்ற பட்டியல் அதிலேயே கிடைக்கும். இரண்டு ஆண்டு தொடப்படாத கணக்கைக் கூகுள் நீக்கக்கூடும். அவ்வப்போது உள்ளே போய்வரச் சொல்லுங்கள்.