கவாத்துக் கிளைகளை எரிக்காமல் வேலியாக்கலாமா?

திருப்பூர் மாவட்ட வாசகர் ஒருவர் கேட்கிறார்: “தோட்டத்தில் கவாத்து செய்த கிளைகள் குவிந்து கிடக்கின்றன. எரிக்க மனம் வரவில்லை. ஓரத்தில் அடுக்கி வேலி போடலாமா? எத்தனை வருடம் தாங்கும்?”

தாராளமாகப் போடலாம். எரிக்காமல் வைத்திருக்கிறீர்களே, அதுவே நல்ல காரியம். ஆனால் காய்ந்த கிளையை மட்டும் நம்பினால், ஓரிரு வருடத்தில் கரையான் பாதியைத் தின்றுவிடும். ஜெர்மனியில் 1980களில் இந்த முறையைப் பரப்பிய ஹெர்மன் பென்யஸ், கிளைகளில் வந்து உட்காரும் பறவைகளின் எச்சத்திலிருந்து புதர்கள் தானாக முளைத்து வேலியாகும் என்றார். நாம் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை என்ற முள்மரத்தின் உயிர்வேலி நிற்கிறதல்லவா? அந்தக் கிளுவையையே முட்டுக்கம்பாக நட்டுவிடுங்கள்.

மணிக்கட்டுப் பருமனில் ஐந்தடிப் போத்துகளாக (நடுவதற்கான கிளைத் துண்டுகளாக) வெட்டி, ஓரிரு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்ததும் ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றுங்கள். அடிப்பக்கம்தான் மண்ணுக்குள் போக வேண்டும். தலைகீழாக நட்டால் பிழைப்பது அரிது. இரண்டு வரிசை, நடுவே இரண்டடி இடைவெளி, போத்துக்குப் போத்து மூன்றடி. புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி மழையில் துளிர்த்துவிடும்.

அப்புறம் இரு வரிசைக்கும் நடுவே கிளைகளை நீளவாக்கில் போடுங்கள். பருத்தவை அடியில், மெல்லிய மிலாறு மேலே. ஒரு கிளையின் அடி கிழக்கே இருந்தால் அடுத்ததன் அடி மேற்கே இருக்கட்டும்; அப்போதுதான் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒவ்வோர் அடுக்கையும் ஏறி மிதியுங்கள். வெளிப்பக்கம் இலந்தை முள்ளைச் செருகினால், கிளுவைத் துளிரை ஆடு கடிக்காது. வருடா வருடம் அடுக்கு தாழும். புதுக் கவாத்தை மேலே போட்டால் சரி. மட்கும் கிளை கிளுவை வேருக்கு மூடாக்காகிவிடும்.

நெற்றோடு இருக்கும் சீமைக் கருவேலும், பழத்தோடு இருக்கும் உண்ணிச்செடியும் வேண்டவே வேண்டாம். தோட்டம் முழுக்க முளைக்கும். புல், பச்சை இலைக் குப்பையை உரக்குழியில் போடுங்கள்.

இடம் பார்ப்பதில் கவனம் தேவை. தவிட்டுக்குருவி, ஓணான், கீரி வரும் இடத்துக்குக் கண்ணாடி விரியனும் வரும். அதனால் வீடு, மாட்டுக்கொட்டகை, கிணற்றடியிலிருந்து தள்ளியே போடுங்கள். இருட்டில் அதனுள் கை விடாதீர்கள். பீடித் துண்டு விழும் சாலையோரத்தில் இந்த வேலி வேண்டாம். கோடையில் ஒரு பொறி போதும். அங்கே அடுக்கில்லாமல், கிளுவையை மட்டும் நெருக்கி நடுங்கள்.