பரிந்துரைக் கடிதம் கேட்ட பாம்பன் தம்பிக்கு

தம்பி, மதுரையில் ஹவுஸ் சர்ஜன் முடிக்கப் போகிறேன், அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற மருத்துவ மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும், பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது, நம் பேராசிரியர்கள் கொடுத்தால் போதுமா, எந்த விசா நல்லது, குளிருக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். குளிர்ச்சட்டையை இங்கே வந்து வாங்கிக்கொள். விசாவை இடம் கிடைத்த பிறகு பேசலாம். கடிதத்தைப் பற்றி மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள், நான் ஒரு வருஷத்தைத் தொலைத்தது அதில்தான்.

நான் தங்கச்சிமடத்துக்காரன். முதல் தடவை விண்ணப்பித்தபோது நாலு கடிதமும் ஊரிலிருந்துதான். அதில் ஒன்று பெரிய பதவியில் இருந்தவர் கொடுத்தது. வார்டில் அவர் என்னைப் பார்த்ததே இல்லை. பழைய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அலுவலகத்தில் அடித்துக் கொடுத்தார்கள். மூன்றாவது வரியில் என்னைப் பெண்ணாகக் குறிப்பிட்டிருந்தது. திருத்தித் தரச் சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே அனுப்பினேன். ஒரு நேர்காணல்கூட வரவில்லை.

என் அப்பா விசைப்படகில் ஆள் சேர்க்கும்போது யார் சிபாரிசையும் கேட்க மாட்டார். "இவனோட தொழிலுக்குப் போய் வந்தவன் எவனாவது சொல்லட்டும்" என்பார். இங்கேயும் அதே கணக்குதான்.

அடுத்த வருஷம் மிச்சிகனில் ஒரு சின்ன கிளினிக்கில் அப்சர்வர்ஷிப், அதாவது டாக்டர் கூட நின்று பார்க்கும் வாய்ப்பு, கிடைத்தது. நோயாளியைத் தொடக்கூடாது, பேசலாம். கால் வீங்கிய ஒரு முதியவர் மாதாமாதம் வருவார், டாக்டரும் நீர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே இருந்தார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். முதியோர் இல்லத்தில் இருக்கும் மனைவியைப் பார்க்க வாரத்தில் நாலு நாள் பஸ்ஸில் போகிறாராம், வழியில் சிறுநீர் முட்டும் என்று அந்த நாட்களில் மாத்திரையே போடுவதில்லையாம். டாக்டரிடம் சொன்னேன். மாத்திரை நேரத்தை மாற்றினார், வீக்கம் வடிந்தது. அந்த டாக்டர் எனக்குக் கொடுத்த கடிதத்தில் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த வருஷ நேர்காணலில் முதல் கேள்வியே, "பஸ்ஸில் போகும் பெரியவரிடம் பேசியது நீங்கள்தானே?"

அதனால் உன் வேலையைக் கண்ணால் பார்த்தவரிடம் கேள். கடைசி வாரத்தில் நேரில் போய், "எனக்கு வலுவாக எழுத முடியுமா?" என்றே கேட்டுவிடு. தயங்கினால் நன்றி சொல்லி விட்டுவிடு. ஊர்ப் பேராசிரியர் உன்னை வார்டில் பார்த்து வேலை வாங்கியவர் என்றால் அவரிடம் ஒன்று வாங்கு, தப்பில்லை. மற்றவை இங்குள்ளவர்களிடம், அதுவும் நீ சேரப்போகும் துறையிலேயே இருக்கட்டும். ஒரு இடத்துக்கு நாலுக்கு மேல் அனுப்ப முடியாது. விண்ணப்பம் போடும் இணையதளமான ஈராஸில் நீ எடுத்துக் கொடுக்கும் படிவத்தை வைத்து, கடிதம் எழுதுபவரே அதைப் பதிவேற்றுவார். அந்தக் கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துவிடு, இல்லாவிட்டால் ஆள் எடுக்கும் மருத்துவமனைக்காரர்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். செப்டம்பர் கடைசியில் அவர்கள் படிக்கத் தொடங்குவார்கள். ஜூனுக்குள் கேட்டு, ஆகஸ்டில் ஒருமுறை பணிவாக ஞாபகப்படுத்து.

"நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதே. பணம் கட்டினால் கடிதம் உறுதி என்று விற்கிறவர்களிடமும் போகாதே. நம்மவர்களே சிலர் இதைத் தொழிலாகச் செய்கிறார்கள் என்பதில் எனக்குத் தீராத கோபம். வீட்டை அடகு வைத்து வரும் பிள்ளையிடம் இப்படிச் செய்ய எப்படி மனசு வருகிறது? சிலர் இங்கே நிலைத்துவிட்டால் ஊர் நம்பரைப் பார்த்தாலே போனை எடுப்பதில்லை. நான் எடுப்பேன், எந்த நேரமும் கூப்பிடு.

எனக்கு இடம் கிடைத்த செய்தி ஒரு மார்ச் மாதத் திங்கட்கிழமை வந்தது. ஊரில் ராத்திரி ஒன்பதரை, அப்பா கடலில். அம்மாதான் போனை எடுத்து அழுதாள். காலையில் கரைக்கு வந்ததும் அப்பா கூப்பிட்டு முதலில் கேட்டது, "அந்தக் கடிதம் எழுதின டாக்டர்ட்ட சொல்லிட்டியாப்பா?"