38 நாள் நிலக்கடலையில் கோரை: இனி மருந்தா, களைக்கொத்தா?

நிலக்கடலையில் முளைத்திருக்கும் கோரைக்கு இனி களைக்கொல்லி மருந்து வேண்டாம், களைக்கொத்தை எடுங்கள். களை முளைத்த பிறகு அடிக்கும் களைக்கொல்லியான இமாசிதபைர் அடிப்பதென்றால் விதைத்து 20-25 நாளில், களை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போதே அடித்திருக்க வேண்டும், உங்கள் பயிருக்கு 38 நாள் ஆகிவிட்டது.

விதைத்த மூன்றாம் நாளே, களை முளைக்கும் முன் அடிக்கும் பென்டிமெத்தலின் மருந்தை அடித்தும் முளைத்துவிட்டதே என்று கேட்டிருக்கிறீர்கள். அது விதையிலிருந்து முளைப்பதைத்தான் தடுக்கும், கோரை கிழங்கிலிருந்து வருவது. சந்தேகமிருந்தால் ஒன்றை மண்ணோடு தோண்டிப் பாருங்கள்; தண்டை விரலில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும், அடியில் கறுப்பாகச் சின்னக் கிழங்கு இருக்கும். இல்லையென்றால் அது புல், அப்போது மருந்து அடித்த அன்று மண்ணில் ஈரம் போதாமல் இருந்திருக்கலாம்.

கொத்துவதற்கு முன் நாலைந்து செடியைத் தூக்கிப் பாருங்கள். விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) மண்ணில் இறங்கவில்லை என்றால் 45 நாளுக்குள் கொத்தி, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு, மண் அணைத்துவிடுங்கள். இறங்கிவிட்டதா, கொத்தவே கூடாது, விழுது அறுந்தால் அந்தக் காய் போச்சு. வரிசைக்கு நடுவில் கையால் பிடுங்குவதோடு சரி.

கிழங்கு உள்ளேயே அறுந்து நின்றால் பத்து நாளில் மறுபடி தலைகாட்டும், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கோடை உழவில் கிழங்கைக் காயவிட்டால்தான் அடுத்த போகத்தில் குறையும்.