பயேயா குழைகிறதா? கரண்டியைக் கீழே வையுங்கள்

கேள்வி: ஸ்பெயின் நாட்டு அரிசி உணவான பயேயாவை வீட்டில் செய்து பார்த்தேன். கடாயில் பாஸ்மதி அரிசி போட்டு மூடிவைத்து, அடிப்பிடிக்காமல் இருக்க அவ்வப்போது கிளறினேன். பாதி குழைந்தும் பாதி வேகாமலும் வந்தது. இதற்கென்று தனிப் பாத்திரம் வாங்க வேண்டுமா?

பதில்: அதே பாத்திரம்தான் என்றில்லை. ஆனால் கடாய் சரிப்படாது. குழிவான பாத்திரத்தில் அரிசி நடுவில் குவிந்துவிடும். பயேயாவில் அரிசி ஒரு விரல் தடிமனுக்கு மேல் இருக்கக்கூடாது. மூடியும் போடக்கூடாது, தண்ணீர் ஆவியாகப் போகட்டும். ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்தால், மூன்று பேருக்கு 36 செ.மீ. அகலமுள்ள தட்டையான பாத்திரம் போதும். நான்ஸ்டிக்கில், பயேயாவின் அடியில் பிடிக்க வேண்டிய காந்தல் சரியாகப் பிடிக்காது.

அடுத்தது அரிசி. பயேயாவின் தாயகமான ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் பெரிதும் மதிக்கப்படுவது பொம்பா என்ற குட்டையான அரிசி. நிறைய சாறு குடித்தாலும் வெடிக்காது. பாஸ்மதி நீளுமே தவிர சாற்றை அவ்வளவாக இழுக்காது. பொம்பா கிடைக்காவிட்டால் குட்டையான, பருத்த பச்சரிசி எதுவானாலும் பார்க்கலாம். சீரகச் சம்பா வேண்டாம், அதன் மணம் குங்குமப்பூவை அமுக்கிவிடும். அரிசியைக் கழுவவோ ஊறவைக்கவோ வேண்டியதில்லை.

ருசி முழுக்க அரிசி போடுவதற்கு முன்பே உருவாகிவிடும். ஆலிவ் எண்ணெயில் உப்புத் தடவிய கோழித் துண்டுகளை நன்றாகச் சிவக்க விடுங்கள். கால் மணி நேரமாவது ஆகும், இங்கே அவசரப்பட்டால் பிறகு எதுவும் காப்பாற்றாது. வலென்சியாவில் முயல் கறியும் சேர்ப்பார்கள். பிறகு பீன்ஸ், டபுள் பீன்ஸ். நடுவில் இடம் ஒதுக்கித் துருவிய தக்காளியைப் போட்டு, ஈரம் வற்றி நிறம் கறுக்கும்வரை வதக்குங்கள். காரமில்லாத பாப்ரிகா மிளகாய்த் தூள் போட்டதும் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். சில நொடி தாமதித்தாலும் கருகிக் கசக்கும். 300 கிராம் அரிசிக்கு ஒன்றேகால் லிட்டர் ஊற்றி, குங்குமப்பூ சேர்த்து இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் ஏறத்தாழ 900 மில்லி நிற்கும். பொம்பாவுக்கு அது சரி. மற்ற அரிசிக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். சாறு இப்போது உப்புக் கரிப்பது போல் இருக்க வேண்டும், அரிசி இழுத்துக்கொள்ளும்.

அரிசியைத் தூவிப் பரப்பியதும் கரண்டிக்கு வேலை முடிந்தது. கிளறினால் மாவுச்சத்து வெளிவந்து கூழாகும். உங்கள் சோறு குழைந்ததற்கும் அதுதான் காரணம். பத்து நிமிடம் பெரிய தீ, எட்டு நிமிடம் சிறு தீ. தண்ணீர் வற்றிய பின் ஒன்றிரண்டு நிமிடம் தீயைக் கூட்டுங்கள். சடசடவென்று சத்தம் வரும். வறுபட்ட வாசனை எழும்போது இறக்கிவிடுங்கள், புகை நெடி வந்தால் தாமதமாகிவிட்டது. அடியில் பிடித்திருக்கும் அந்தக் காந்தலுக்கு அங்கே சொக்கராத் என்று பெயர், பந்தியில் அதற்குத்தான் போட்டி. இறக்கி ஐந்து நிமிடம் அப்படியே விட்டுப் பரிமாறுங்கள்.

வெங்காயம் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஈரம் விட்டு அரிசியை மெத்தென்றாக்கும் என்பது வலென்சியாக்காரர்கள் வாதம். இதிலெல்லாம் அவர்கள் பிடிவாதக்காரர்கள்: 2016-இல் பிரிட்டிஷ் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் பயேயாவில் சொரீசோ தொத்திறைச்சி சேர்த்ததற்கு ஸ்பெயினே கொதித்தது. உங்கள் வீட்டில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், விரும்பினால் போடுங்கள்.

ஒரு சிக்கல் பாக்கி. கேஸ் அடுப்பின் பர்னர் சிறியது, நடு மட்டும் காயும். அரிசியைத் தொடாமல் பாத்திரத்தையே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நகர்த்தி, ஓரங்களும் தீயின் மேல் வரும்படி திருப்பிக்கொண்டே இருங்கள்.