காட்டுக்கு எந்தக் கத்தி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோடையில் குடும்பத்தோடு கனூ படகில் அல்கொன்குவின் பூங்காவுக்குப் போய் மூன்று நான்கு நாள் கூடாரம் அடிப்போம். விறகைச் சிறிதாகப் பிளக்க, மீன் கழுவ, கயிறு அறுக்க ஒரே கத்தி போதும் என்று நினைக்கிறோம். மோராவின் கார்பெர்க், எஸ்ஸி-4, ஃபால்க்னிவன் எஃப்1 மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறோம். எதை வாங்குவது?
– வாசகி, டொராண்டோ

பதில்: கார்பெர்க். அதிலும் துருப்பிடிக்காத எஃகில் வருவது.

மூன்றுமே நல்ல கத்திகள். உடைந்துவிடும் என்ற பயத்தில் எதையும் ஒதுக்க வேண்டாம். மூன்றிலும் அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடுகிறது. விளம்பரங்களில் வரும் ‘ஃபுல் டாங்’ அதுதான். இவை வேறுபடுவது தடிமனிலும், வாய் சீவப்பட்ட விதத்திலும், எஃகிலும்.

கார்பெர்க்கின் அலகு 109 மி.மீ. நீளம், 3.2 மி.மீ. தடிமன். எஃகு 14சி28என், சுமார் 14 சதவீதம் குரோமியம் கொண்டது. நாள் முழுக்க ஈரத்தில் கிடந்தாலும் துடைத்து வைத்தால் போதும். வாய் ஸ்காண்டி முறையில் சீவியது: முதுகிலிருந்து பாதி தூரம் தட்டையாக வந்து, அதற்குக் கீழே இரு பக்கமும் ஒரே சரிவாகக் கூர் வரை இறங்கும். அந்தச் சரிவைச் சாணைக்கல்லில் படிய வைத்துத் தள்ளினால் கோணம் தானாக அமைந்துவிடும். தீட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு இதைவிடச் சுலபமான வாய் கிடையாது.

எஃப்1 ஸ்வீடன் விமானப்படை விமானிகளுக்காக 1995 முதல் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்ட கத்தி. 97 மி.மீ. அலகு, 4.5 மி.மீ. தடிமன், நடுவில் கடினமான விஜி10 எஃகு, இரு பக்கமும் மென்மையான துருப்பிடிக்காத எஃகுத் தகடு. மூன்றில் எதை அதிகம் முரட்டுத்தனமாகக் கையாளலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். ஆனால் இதன் வாய் உப்பலாக, வளைந்து இறங்குவது. தட்டைக் கல்லில் தீட்டத் தீட்ட அந்த வளைவு போய்விடும். தோல் துண்டின் மேல் ஈரம் நனைத்த உப்புத்தாளை விரித்து, கூரைப் பின்னால் விட்டு இழுக்க வேண்டும். கற்றுக்கொள்ள முடியாத வித்தை இல்லை, விடுமுறைக்கு முதல் நாள் இரவு கற்கிற விஷயமும் இல்லை.

எஸ்ஸி-4 அமெரிக்கத் தயாரிப்பு, 4.8 மி.மீ. தடிமன். எஃகு 1095, அதாவது 0.95 சதவீதம் கார்பன் உள்ள, குரோமியம் இல்லாத எஃகு. பதத்தை, அதாவது எஃகைச் சுட்டு ஏற்றும் கடினத்தை, சற்று மென்மையாகவே வைக்கிறார்கள். அதனால் வாய் சில்லு போகாமல் மடங்கும், மடங்கியதை நிமிர்த்திவிடலாம். இதன் பெரிய பலம் உத்தரவாதம்: உடைந்தால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருகிறார்கள், கத்தி கை மாறியிருந்தாலும் சரி. பலவீனம் துரு. மேலே கருப்புப் பூச்சு இருந்தாலும் கூரில் பூச்சு நிற்காது. மீன் கழுவிய கத்தியை அப்படியே உறையில் செருகினால் மறுநாள் காலையில் கூர் ஓரம் முழுக்கப் பழுப்புப் புள்ளி.

கார்பெர்க்கில் இரண்டு குறைகள் உண்டு. விரல் முன்னால் வழுக்காமல் தடுக்கும் திமில் அதில் இல்லை, ஆகவே மீன் கழுவும்போது குத்தி இழுக்காதீர்கள். அடுத்து, கேரட், உருளைக்கிழங்கு போன்றவற்றை அது நறுக்குவதில்லை, பிளக்கிறது. 3.2 மி.மீ. முதுகு உள்ளே நுழைந்ததும் காய் படக்கென்று இரண்டாகும். சமையலுக்கு ஒரு சின்ன அடுக்களைக் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். உறையில் தோலும் உண்டு, பிளாஸ்டிக்கும் உண்டு. படகுப் பயணத்துக்குப் பிளாஸ்டிக்.

வாங்குமுன் பிடியைக் கையில் பிடித்துப் பாருங்கள். நான்கு விரலும் அடங்கி, மூடிய விரல் நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். நுனிகள் உள்ளங்கைக்கு எட்டவே இல்லை என்றால் பிடி பருமன். அப்படிப்பட்டதை அரை மணி நேரம் பிடித்தால் கை சோர்ந்துவிடும். கத்தி நழுவுவது அப்போதுதான்.

கேள்வி: கா-பார் நிறுவனத்தின் பெக்கர் பிகே2 வாங்கினால் ஆயுள் முழுக்க வரும், மழைக்காட்டு நடைக்கு அது ஒன்றே போதும் என்கிறார் நண்பர். சரியா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: ஆயுள் முழுக்க வரும் என்பது சரி. மழைக்காட்டுக்கு அது போதும் என்பதுதான் தவறு. பிகே2-இன் தடிமன் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ.; எடை ஏறக்குறைய 450 கிராம். அலகோ ஐந்தேகால் அங்குலம்தான். வீசி வெட்ட நீளம் போதாது, நுணுக்கமாகச் சீவ எடை விடாது. கடினமான விறகை முதுகில் அடித்துப் பிளக்கும் குளிர்நாட்டு வேலைக்கென்று பிறந்த கத்தி அது.

உங்கள் ஊரில் பாராங் என்ற நீண்ட மலாய் வெட்டுக்கத்தி இருக்கும்போது இந்த யோசனையே எதற்கு? கொடியும் ஈரச் செடியும் வெட்ட வேகமாக வீசக்கூடிய நீண்ட அலகு வேண்டும். பாராங்கோடு 2.5 மி.மீ. தடிமனுள்ள மோரா கம்பானியன் ஒன்று, துருப்பிடிக்காத எஃகில், இடுப்பில் இருந்தால் நுணுக்க வேலையும் முடிந்துவிடும். இரண்டும் சேர்ந்தே பிகே2 விலைக்கு வராது. தடிமன் கூடினால் பலம் கூடும் என்பது உண்மை. அதே அளவு வெட்டும் திறன் குறையும் என்பதைக் காணொளிகளில் யாரும் சொல்வதில்லை.

கேள்வி: மோரா கம்பானியனால் பிர்ச் விறகு பிளந்தேன். கூரில் அரை வட்டமாக ஒரு மி.மீ. அளவுக்குச் சில்லு தெறித்துவிட்டது. தயாரிப்புக் கோளாறா? இதைப் போட்டுவிட்டு ஃபால்க்னிவன் வாங்கிவிடவா?
– வாசகர், ஒஸ்லோ

பதில்: பெரும்பாலும் கோளாறு இருக்காது. விறகில் கணு இருந்திருக்கும், அல்லது மாட்டிக்கொண்ட கத்தியைப் பக்கவாட்டில் ஆட்டி எடுத்திருப்பீர்கள். ஸ்காண்டி வாய் மெல்லியது. இரு பக்கமும் சேர்ந்தே 25 டிகிரி அளவுதான். மரத்தைச் சீவும்போது சுகமாக இருப்பதும், கணுவில் இடித்தால் தெறிப்பதும் அந்த மெல்லிய வாயால்தான். உறைந்த விறகு இன்னும் மோசம்.

ஒரு மி.மீ. சில்லை வீட்டிலேயே சரிசெய்யலாம். 220 அல்லது 400 கரடு சாணைக்கல்லைத் தண்ணீரில் நனையுங்கள். கத்தியை நெட்டாக நிறுத்தி, கூர் கல்லில் பட, முன்னும் பின்னும் தேயுங்கள். கூரைக் கெடுக்கிறோமே என்று கை கூசும். ஆனால் சில்லின் அடி மறையும் வரை கூரைத் தேய்த்தால்தான் வேலை சீக்கிரம் முடியும். இப்போது கூரை விளக்குக்கு நேரே பிடித்தால் வெள்ளிக் கம்பிபோல ஒரு கோடு மின்னும். அடுத்து சரிவைக் கல்லில் படிய வைத்து, இரண்டு விரலைக் கூருக்குப் பக்கத்தில் அழுத்தித் தள்ளுங்கள். பக்கத்துக்கு இருபது முறை, மாற்றி மாற்றி. முனைக்கு வரும்போது பிடியைச் சற்று உயர்த்தாவிட்டால் வளைவுப் பகுதி தீட்டாமல் நின்றுவிடும். வெள்ளிக் கோடு முழுதும் மறைந்ததும் அதைவிட மென்மையான 1000 கல்லுக்கு மாறுங்கள். கூருக்கு மறுபக்கம் விரலால் வருடினால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும், நுனி முதல் அடி வரை. அதை லேசான கையால் மாற்றி மாற்றித் தேய்த்து எடுத்துவிட்டு, பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு.

இனி தெறிக்காமல் இருக்க, கடைசியாகப் பிடியை ஒரு நூலளவு உயர்த்தி, பக்கத்துக்கு இரண்டே தள்ளு. கூரின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு சரிவு உண்டாகும். சீவும் சுகம் கொஞ்சம் குறையும், வாய் பல மடங்கு தாங்கும். மின்சாரச் சாணைச் சக்கரத்தின் பக்கம் மட்டும் போகாதீர்கள். கூர் நீலம் பாரித்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று. அதன் பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

விறகு பிளப்பது பற்றியும் சொல்லிவிடுகிறோம். கம்பானியனில் இரும்பு பிடியின் கடைசி வரை போவதில்லை. மணிக்கட்டு கனத்துக்குள், கணுவில்லாத நேர்த் துண்டுக்கு அது தாங்கும். முதுகில் அடிக்க மரக்கட்டையையே எடுங்கள், கல்லும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். முனை மறுபக்கம் இரண்டு விரற்கடையாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அலகு உள்ளே இறங்கியபின் அடி விழ வேண்டியது அங்கேதான். பிடியின் மேல் ஒரு நாளும் அடிக்கக் கூடாது. கத்தி மாட்டிக்கொண்டால் ஆட்டாமல், ஒரு மர ஆப்பைப் பிளவில் இறக்கி விறகை விரித்து எடுங்கள்.

வாராவாரம் தொடைக் கனத்து விறகுதான் என்றால் ஃபால்க்னிவனும் அதற்கு விடை இல்லை. சின்னக் கோடரி வாங்குங்கள். எப்போதாவது மெல்லிய விறகு என்றால் பாக்கோ லாப்லாண்டர் மாதிரி மடக்கு ரம்பம் ஒன்றைக் கம்பானியனுக்குத் துணையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரம்பத்தால் ஒரு சாண் துண்டுகளாக அறுத்துவிட்டால் மெல்லிய கத்தியே பிளந்துவிடும்.

கேள்வி: கான்டோர் புஷ்லோர் கத்தியைத் தோல் உறையோடு ஆறு மாதம் அலமாரியில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் துருப் புள்ளிகள். எண்ணெய் போட்டுத்தானே வைத்தேன்?
– வாசகர், மெல்போர்ன்

பதில்: காரணம் உறை. தோல் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிடும்போது ஊறிய பொருள்களும் இரும்புக்கு ஆகாது. நீங்கள் தடவிய எண்ணெயையும் அதுவே குடித்துவிட்டது. எல் சால்வடோரில் செய்யப்படும் இந்தக் கத்தி 1075 கார்பன் எஃகு, துருப்பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

புள்ளிகளை மிக மெல்லிய எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள், போய்விடும். குழி விழுந்த இடம் அப்படியே இருக்கட்டும். கூரில் இல்லாதவரை கெடுதலில்லை. இனி உறை தனி, கத்தி தனி. உணவில் படும் கத்தி என்பதால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துவிடும், நாள்பட்டால் சிக்கு வாடையும் வரும்.

கேள்வி: இணையத்தில் பெயர் தெரியாத பிராண்டில் ‘டி2 எஃகு, ஃபுல் டாங்’ என்று பொறித்த கத்தி மலிவாகக் கிடைக்கிறது. மலையேற்றத்துக்கு வாங்கலாமா? இந்தியாவில் சட்டச் சிக்கல் உண்டா?
– வாசகர், கோவை

பதில்: அலகில் என்ன பொறித்திருந்தாலும் அதைச் சுட்டுப் பதம் வைத்தவர் யார் என்பதே முக்கியம். டி2 நல்ல எஃகுதான், ஆனால் பதம் பிசகினால் மொறுமொறுவென்று உடையும், தீட்டவும் சிரமம். அந்தப் பணத்துக்கு மோரா கம்பானியன் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சட்டத்தில், ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நீங்கள் பார்ப்பது நாலு அங்குலக் கத்தி என்றால் அது அந்தப் பட்டியலில் வராது. அதற்காகக் கடைத்தெருவில் இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டாம்.

மலையேறுபவர்கள் மறப்பது இன்னொன்றை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதில் கத்தியும் அடக்கம். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான். முதுமலைக்கோ ஆனைமலைக்கோ போனால் கத்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விமானத்தில் என்றால் செக்-இன் பெட்டியில், உறையோடு, துணி சுற்றி வையுங்கள். கைப்பையில் அனுமதி இல்லை.