பெட்டியில் டெஸ்டர் எரிகிறது: பழைய பவர் சப்ளையை நம்பலாமா?

கேள்வி: பாலிடெக்னிக் ஏலம் ஒன்றில் 0-30 வோல்ட், 2 ஆம்பியர் பெஞ்ச் பவர் சப்ளை ஒன்றை 700 ரூபாய்க்கு எடுத்தேன். முப்பது வருடப் பழசாவது இருக்கும். ஸ்விட்ச் போட்டால் மீட்டர் ஊசி ஏறுகிறது, குமிழைத் திருப்பினால் வோல்டேஜ் கூடிக் குறைகிறது. ஆனால் இரும்புப் பெட்டியில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு மைக்ரோகண்ட்ரோலர்) போர்டுகளுக்கு இதைப் பயன்படுத்த நினைக்கிறேன். பயன்படுத்தலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: முதலில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். இந்தப் பதிலில் பாதிக்கு மேல் பிளக் வெளியே இருக்கும்போது செய்யும் வேலைதான்.

ஊசி ஏறுவதும் வோல்டேஜ் மாறுவதும் பெட்டி வேலை செய்கிறது என்பதற்குத்தான் சாட்சி. அது பாதுகாப்பானதா என்பதற்கு அல்ல. பாதுகாப்பு என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: இது உங்களுக்கு ஷாக் அடிக்குமா, இது உங்கள் போர்டைச் சுட்டுவிடுமா. பலர் இரண்டாவதில்தான் தொடங்குகிறார்கள். போர்டு போனால் சில நூறு ரூபாயோடு போயிற்று, அதனால் முதல் கேள்வியை முதலில் முடிப்போம்.

உங்கள் டெஸ்டர் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எர்த் அந்தப் பெட்டிக்கு வந்து சேரவில்லை. சரியான எர்த்தோடு இணைந்த இரும்பில் டெஸ்டர் எரியாது. எர்த் எங்கே அறுந்திருக்கிறது, பெட்டிக்கு வருவது வெறும் கசிவா இல்லை முழு ஃபேஸா என்பதுதான் இனி தெரிய வேண்டும். நல்ல டிரான்ஸ்பார்மரிலும் எர்த் இல்லாவிட்டால் டெஸ்டரை எரிய வைக்கும் அளவுக்குச் சிறு கசிவு இருக்கும், ஆகவே மங்கலாக எரிவதை வைத்து டிரான்ஸ்பார்மர் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

பிளக்கைத் திறந்து பாருங்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி லேபில் பன்னிரண்டு பவர் சப்ளைகளைச் சர்வீஸ் செய்யப் போனேன். அத்தனை பிளக்கிலும் பச்சை ஒயர் ஒட்ட வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றியிருந்தது. காரணம் கேட்டால், லேபில் அடிக்கடி டிரிப் ஆகிறது, வெட்டியதிலிருந்து பிரச்சினை இல்லை என்றார்கள். மெக்கர் (இன்சுலேஷனை உயர் வோல்டேஜில் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்ததில் ஒரே ஒரு சப்ளையில்தான் டிரான்ஸ்பார்மர் கசிந்துகொண்டிருந்தது. அந்த ஒன்றுக்காக மற்றப் பதினொன்றின் எர்த்தும் போய், மாணவர்கள் கை வைக்கும் பன்னிரண்டு இரும்புப் பெட்டிகள் காப்பில்லாமல் நின்றன. உங்கள் பெட்டியும் லேபிலிருந்து வந்தது என்பதால்தான் பிளக்கை முதலில் சொன்னேன்.

பச்சை ஒயர் இருந்தாலும் மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து, நீளமான எர்த் பின்னுக்கும் பெட்டியின் வெற்று உலோகத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். பெயிண்ட் மேல் வைத்தால் பயனில்லை, டிரான்ஸ்பார்மரைப் பிடித்திருக்கும் போல்ட்டில் வையுங்கள். பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், பல மீட்டர்கள் 30, 40 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். இரண்டு புரோபையும் ஒட்ட வைத்தால் காட்டும் எண்ணைக் கழித்த பிறகு அரை ஓமுக்குள் இருக்க வேண்டும். அளக்கும்போதே பிளக் பக்கமும் பெட்டிக்குள் நுழையும் இடத்திலும் ஒயரை வளைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் ஒயரை மாற்றிவிடுங்கள். உள்ளே ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் நல்லதென்றே சொல்லும், ஃபேஸ் பெட்டியில் பட்டால் அந்த இழை எரிந்து போகும். என்னைக் கேட்டால், முப்பது வருட ஒயரை அளக்காமலே மாற்றிவிடுவேன். புது மூன்று கோர் ஒயருக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

பெட்டியில் எர்த் சரியாக இருக்கிறதா? அப்படியானால் வீட்டு சாக்கெட்டைச் சந்தேகப்படுங்கள். மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. பழைய வீடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் காட்டும் இடத்தில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 100, 150 என்று அலைந்தால் எர்த் இல்லை. சரியாக 230 காட்டினாலும் அது பலவீனமான எர்த்தாக இருக்கலாம், அதை எலக்ட்ரீஷியன்தான் சோதிக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் பல்பு போட்டுப் பார்ப்பதை நீங்களே செய்யாதீர்கள். எர்த் அறுந்திருந்தால் அந்த வரிசையில் எர்த்தோடு இணைந்த மற்றப் பொருட்களின் உலோகத்துக்கும் ஃபேஸ் போய்விடும்.

அடுத்தது இன்சுலேஷன். இதற்கு மல்டிமீட்டர் போதாது, அது சில வோல்ட்டில்தான் அளக்கிறது. 500 வோல்ட் மெக்கர் வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கடையில் பெரும்பாலும் ஒன்று இருக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் ஐந்து நிமிட வேலை. பிளக்கின் ஃபேஸ் பின்னையும் நியூட்ரல் பின்னையும் ஒயரால் சேர்த்துக் கட்டுங்கள். பவர் ஸ்விட்சை ஆன் நிலையில் வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்விட்ச் வரைதான் சோதித்ததாக ஆகும். எர்த் பின்னுக்கு எதிராக அளந்தால் நல்ல டிரான்ஸ்பார்மர் பல பத்து மெகா ஓம் காட்டும். 2 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மின்சாரம் கொடுக்க வேண்டாம். குடோனில் கிடந்த ஈரமாகக்கூட இருக்கலாம், நாலு நாள் வெயில் படும் அறையில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அப்புறம் சிவப்பு, கறுப்பு அவுட்புட் டெர்மினல்களை ஒன்றாக இணைத்து, அதற்கும் மெயின்ஸ் பின்களுக்கும் இடையே அதே அளவீடு. இதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஈஎஸ்பி32 போர்டை யூஎஸ்பி ஒயரால் லேப்டாப்போடும் இணைப்பீர்கள். டிரான்ஸ்பார்மருக்குள் மெயின்ஸ் சுற்றும் அவுட்புட் சுற்றும் ஒட்டியிருந்தால் 230 வோல்ட் போர்டு வழியாக லேப்டாப் வரை, அதன் மேல் இருக்கும் உங்கள் கை வரை வரும்.

இதெல்லாம் தேறினால் மூடியைத் திறக்கலாம். பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரில் மிச்ச சார்ஜ் இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல் 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அரை நிமிடம் வைத்து இறக்குங்கள். பிறகு கண்ணால் பாருங்கள். கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா, அடியில் பிசுபிசுப்பு இருக்கிறதா, ஒயரின் ரப்பர் தொட்டால் உதிர்கிறதா, ஒயர் நுழையும் ஓட்டையில் வாஷர் இருக்கிறதா. ஃப்யூஸையும் கழற்றிப் பாருங்கள். பழைய லேப் சாமான்களில் சிகரெட் அட்டை ஃபாயிலும் செப்பு இழையும் சுற்றிய ஃப்யூஸ்கள் எனக்குக் கிடைத்திருக்கின்றன. பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆம்பியரே சரி, இந்த அளவு சப்ளைக்கு அது பெரும்பாலும் 1 ஆம்பியருக்குள் இருக்கும். பின்புறம் 110/230 செலக்டர் இருந்தால் 230-இல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் முறை நேராக சாக்கெட்டில் செருக வேண்டாம். 60 வாட் குண்டு பல்பை ஃபேஸில் சீரியஸாகப் போட்டு, அதன் வழியாகக் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். பல்புக்குப் பதிலாக வேரியாக்கில் (குமிழைத் திருப்பி ஏசி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) மெல்ல ஏற்றலாமா என்று பலர் கேட்பார்கள். ஏற்றலாம், பல வருடம் சும்மா கிடந்த கெப்பாசிட்டருக்கு அது நல்லதும்கூட. ஆனால் வேரியாக் அவுட்புட்டை மெயின்ஸிலிருந்து பிரித்துத் தராது, வோல்டேஜை மாற்றி மட்டுமே தரும். வேரியாக்கில் இருக்கிறது என்று உள்ளே கை வைக்கக் கூடாது.

இனி உங்கள் போர்டு. இந்த வகை சப்ளையில் உள்ளே 40 வோல்ட் அளவுக்கு டிசி இருக்கும். அதை 5 வோல்ட்டாகப் பிடித்து வைத்திருப்பது ஹீட் சிங்கில் இருக்கும் டிரான்சிஸ்டர், பெரும்பாலும் 2என்3055. அது ஷார்ட் ஆனால் 40-உம் அப்படியே வெளியே வரும். குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் கார்பன் தேய்ந்து தொடர்பு விட்டாலும் சில டிசைன்களில் வோல்டேஜ் கணப்பொழுதில் உச்சத்துக்குத் தாவும். பழைய ஊசி மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு குமிழை மெதுவாக, மிக மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்புங்கள். ஊசி எங்காவது துள்ளினால் பொட்டென்ஷியோமீட்டரை மாற்றுங்கள். டிஜிட்டல் மீட்டர் இந்தத் துள்ளலைத் தவறவிடும். பேனல் மீட்டர் காட்டுவதையும் உங்கள் மீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

லோடுக்கு 12 வோல்ட், 21 வாட் கார் பிரேக் பல்பு அருமையான பொருள். 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். அரை மணி நேரம் எரியவிட்டு வோல்டேஜ் இறங்குகிறதா, கருகும் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். ஹீட் சிங்க் கடுமையாகச் சுடும், பயப்பட வேண்டாம். 40-இலிருந்து 12-க்கு இறக்கிய மீதி, கிட்டத்தட்ட 50 வாட், அங்கேதான் வெப்பமாகிறது. 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுத்தால் 70 வாட் ஆகும், அதாவது குறைந்த வோல்டேஜில் அதிக கரண்ட் எடுப்பதுதான் இதற்குக் கஷ்டமான வேலை. பல்பு எரியும்போதே மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். சில மில்லிவோல்ட் பரவாயில்லை. பத்து இருபதைத் தாண்டினால் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே மைக்ரோஃபேரட், அதே அல்லது அதிக வோல்ட்டில் கிடைக்கும்.

இவ்வளவும் தேறிய பிறகும் போர்டுக்கு முன்னால் ஒரு காவல் போடுவேன். பிளஸ் ஒயரில் 1 ஆம்பியர் ஃப்யூஸ், அதற்குப் பிறகு பிளஸ் மைனஸுக்குக் குறுக்கே 5.6 வோல்ட், 5 வாட் ஜீனர் டையோடு (அந்த வோல்டேஜுக்கு மேல் ஏற விடாமல் பிடிக்கும் பாகம்). கரண்ட் லிமிட்டை 600 மில்லி ஆம்பியரில் வையுங்கள், வைஃபை ஓடும் ஈஎஸ்பி32-க்கு அது தாங்கும். சப்ளையை ஆன் செய்து வோல்டேஜ் நிலைத்த பிறகு போர்டை இணையுங்கள், ஆஃப் செய்யும் முன் கழற்றிவிடுங்கள். ஆன், ஆஃப் ஆகும் நொடியில் சில பழைய சப்ளைகள் துள்ளும்.

இதில் கெப்பாசிட்டர், பொட்டென்ஷியோமீட்டர், ஒயர், டிரான்சிஸ்டர் எது போயிருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம், 700 ரூபாய்க்கு நல்ல பொருள்தான். உலர்த்திய பிறகும் மெக்கர் தேறாத டிரான்ஸ்பார்மரை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஹீட் சிங்கையும் மீட்டர்களையும் கழற்றிக்கொண்டு மீதியைக் காயலான் கடையில் போட்டுவிடுங்கள். எர்த்தைச் சரிசெய்து செருகியதும் வீட்டில் ஆர்சிசிபி (எர்த் கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டிரிப் ஆனால் அதன் பொருளும் இதேதான்: கசிவு உண்மையானது. அப்போது பச்சை ஒயரில் கை வைக்காமல் மெக்கர் கடைக்குத் திரும்பப் போங்கள்.